வயர்லெஸ்ஸுக்கு ஒரு தொலைபேசி எண்

தீயணைப்பு வண்டியிலிருந்து வரும் வயர்லெஸ் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? வாட் கணக்கைவிட மீட்டர் கணக்குதான் இதை அதிகம் தீர்மானிக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஓடும் அலைகள் பூமியின் வளைவோடு சேர்ந்து அதிகம் வளைவதில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் கம்பத்துக்கு அது 12 கிலோமீட்டர் சொச்சம். சுற்றுப்புறத்தைவிட 400 மீட்டர் உயர்ந்த மலையுச்சிக்கு 82 கிலோமீட்டர். இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டுமானால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம்: ஏறத்தாழ 95 கிலோமீட்டர்.

இது சமவெளிக் கணக்கு. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைத்தொடர் போன்ற இடங்களில் கணக்கு நிலைகுலைந்துவிடும். முகட்டில் இருப்பவருக்கு மூன்று மாவட்டத்து வயர்லெஸ் கேட்கும். அவருக்குக் கீழே, நடந்தே போகக்கூடிய தூரத்துப் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு ஒரு சேனலும் கேட்காது. அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் கடையிலோ பண்ணையிலோ வேலை பார்ப்பவர்கள். தம் ஊர்ச் சேனலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை அவர்களுக்கு உண்டு. அவர்கள் வீட்டாருக்கும் உண்டு. ஆகவே முகட்டிலுள்ள ஒரு வீட்டில் ஸ்கேனர் வானொலியை வைத்து, அதன் ஒலியைத் தொலைபேசி இணைப்பில் கொடுத்து, எண்ணை அழைப்பவர் எவரும் கேட்கும்படி செய்வது என்ற யோசனை இயல்பாகவே பிறக்கிறது. அலைக்கு மலை தடை. தொலைபேசிக் கம்பிக்கு அந்தத் தடை இல்லை.

வயர்லெஸ்ஸும் தொலைபேசியும் இப்படிக் கைகோர்ப்பது புதிதல்ல. டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928இல் ரோந்துக் கார்களுக்கு வானொலிச் செய்தி அனுப்பத் தொடங்கியபோது அது ஒருவழிப் பாதை. காரில் ரிசீவர் மட்டும்தான். பதில் சொல்ல வேண்டுமானால் காவலர் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் 1933இல் இருவழி வயர்லெஸ் வந்தது. 1940இல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை மாநிலம் முழுவதற்கும் எஃப்.எம். முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காலத்தில் போலீஸ் ஒலிபரப்புகள் சாதாரண வானொலி நிலையங்களுக்குச் சற்று மேலேயே இருந்தன. வீட்டு வானொலியின் முள்ளைக் கடைசிக்குத் திருகினால் பல ஊர்களில் கேட்டுவிடலாம். சேனல்கள் பெருகி, அதிர்வெண்கள் உயர்ந்த பிறகுதான் தனிக் கருவி தேவைப்பட்டது. அதுவே ஸ்கேனர்.

ஆரம்பகால ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வாங்கிச் செருக வேண்டும். எட்டுச் சேனல் வேண்டுமானால் எட்டுப் படிகங்கள். 1970களின் பிற்பகுதியில் அதிர்வெண்ணை விசைப்பலகையில் தட்டினாலே போதும் என்ற மாதிரிகள் கடைக்கு வந்தன. உள்ளே நடக்கும் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான்: முதல் சேனலில் ஒரு கணம் நின்று, யாராவது பேசுகிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவுவது.

யாராவது பேசுகிறார்களா என்பதை அது எப்படி அறிகிறது என்பதுதான் எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த இடம். எஃப்.எம். ரிசீவரில் அலை எதுவும் வராதபோது ஓயாத இரைச்சல் கேட்கும். பேச்சு இருக்கும் பகுதிக்கு மேலேயும், அதாவது 3,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலும், அந்த இரைச்சல் பரவியிருக்கும். யாரோ ஒருவர் மைக்கின் பொத்தானை அழுத்தியதும் அவரது அலை வந்து சேர்கிறது; அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஸ்குவெல்ச் எனப்படும் சுற்று கவனிப்பது இந்த அடக்கத்தைத்தான். குரலை அது தேடுவதே இல்லை. மேல்பகுதி இரைச்சல் குறைந்தால் ஒலிபெருக்கியைத் திற, கூடினால் மூடு. நல்ல ஸ்கேனர் என்பது மௌனத்தைச் சரியாக அளக்கத் தெரிந்த கருவி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிப் பக்கம் போகும்போது நமக்கு வரும் தொல்லைகளில் பலவும் மௌனத்தைப் பற்றியவையாகவே இருக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை தொல்லை அதிகமில்லை. தொலைபேசிப் பொறியாளர்கள் மனிதப் பேச்சில் எவ்வளவை வெட்டினாலும் புரியும் என்று ஆராய்ந்து, ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி போதும் என்று முடிவுசெய்தார்கள். வயர்லெஸ் பொறியாளர்களுக்கும் அதே சிக்கனம் வேண்டியிருந்தது. அவர்கள் 300 முதல் 3,000 வரை எடுத்துக்கொண்டார்கள். வயர்லெஸ் குரலைத் தொலைபேசியில் செலுத்தும்போது புதிதாக வெட்டுப்படுவது மிகக் குறைவு. பாட்டைத் தொலைபேசியில் கேட்டால் நெஞ்சு வலிக்கும். வயர்லெஸ்ஸைக் கேட்டால் பக்கத்திலேயே ஸ்கேனர் இருப்பது போலிருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. பல வயர்லெஸ் சேனல்களில் பேச்சுக்கு அடியில் 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஏதோ ஒரு மெல்லிய தொனி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் தத்தம் ஆட்களை அடையாளம் காண்பதற்கான தொனி அது. ரிசீவரின் வடிகட்டி விட்டுவிட்ட மிச்சம் ஏதும் இருந்தால், 300க்குக் கீழே இருப்பதை ஏற்காத தொலைபேசி அதைக் குறைத்துவிடும்.

வயர்லெஸ்ஸையும் தொலைபேசியையும் இணைத்துக் காட்டிய மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டெக்சாஸ் மாநிலம் டாலஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் எண்ணெய் வயல்களில் வேலை செய்வோருக்கு வயர்லெஸ் கருவிகள் விற்றவர். வயலில் இருப்பவர் நகரத்தில் உள்ளவரோடு பேச வேண்டும். ஒருவர் கையில் மைக், மற்றவர் கையில் தொலைபேசி. கார்ட்டர் ஒரு தொட்டில் செய்தார். தலைமை நிலையத்தில் இருக்கும் இயக்குநர் தொலைபேசியின் கைக்குழலை அதில் வைப்பார். தொலைபேசிக் குரல் வந்தால் அதை உணர்ந்து வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் தானே இயங்கும். குரல் நின்றால் தானே கேட்கும் நிலைக்குத் திரும்பும். கம்பியோடு கம்பி சேராது. 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 கார்ட்டர்ஃபோன்கள் விற்றன. பிறர் கருவி எதையும் தன் வலையத்தில் பொருத்தக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தடுத்தது. வழக்கு நடந்து, 1968 ஜூனில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கார்ட்டர் பக்கம் தீர்ப்பளித்தது. பதில் சொல்லும் இயந்திரமும் வீட்டு மோடமும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அந்தத் தீர்ப்பு திறந்த வழியாகத்தான்.

கார்ட்டர்ஃபோனில் தனியாக ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. இயக்குநர் உரையாடலைக் கவனித்து, ஒலி அளவைத் திருத்தி, பேச்சு முடிந்ததும் கைக்குழலை எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காக. முடிந்ததா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். நாம் அமைக்கப்போகும் இணைப்பில் அந்த மனிதர் இல்லை. அவர் செய்த வேலையைச் சுற்று செய்ய வேண்டும்.

முதலில் மணி. அமெரிக்கத் தாமிரக் கம்பி இணைப்பில் யாரும் பேசாதபோது எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். அழைப்பு வந்தால் அதன்மேல் 20 ஹெர்ட்ஸில் சுமார் 90 வோல்ட் மாறுமின்னழுத்தம் ஏறும். 2 நொடி மணி, 4 நொடி ஓய்வு. மின்தேக்கி ஒன்றைத் தொடரில் போட்டால் 48 வோல்ட்டை நிறுத்திவிட்டு மணியை மட்டும் உள்ளே விடும். அது ஓர் ஒளி இணைப்பியைத் தூண்ட, ரிலே மூடிக்கொள்ளும். கம்பியில் 20 மில்லிஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் ‘எடுத்துவிட்டார்கள்’ என்று எக்ஸ்சேஞ்ச் புரிந்துகொள்ளும். எடுத்த பிறகு முதல் 2 நொடி எந்த ஒலியும் போகக் கூடாது என்பது எஃப்.சி.சி. 1975இல் ஏற்ற விதித்தொகுப்பின் கட்டளை. கட்டணக் கணக்கு தொடங்குவதற்கு முன் செய்தி எதுவும் இலவசமாகக் கடந்துவிடக் கூடாது என்பதே காரணம். மௌனத்தைச் சட்டமே அளந்து கொடுத்த இடம் இது.

அடுத்தது ஒலி ஏறும் வாசல். ஸ்கேனரின் ஒலிக்கம்பிகளில் ஒன்று பூமியோடு சேர்ந்தது. தொலைபேசியின் இரு கம்பிகளில் எதுவும் அப்படி இல்லை, இரண்டும் சமநிலையில் தொங்குகின்றன. நேரடியாக இணைத்தால் சமநிலை குலைந்து மின்சார ரீங்காரம் புகுந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைத் தொலைபேசி வடிகட்டி ஓரளவு அடக்கும். அதன் மடங்குகளான 300, 420 ஹெர்ட்ஸ் எல்லாம் குரலோடு சேர்ந்து சௌகரியமாகப் போய்ச் சேரும். ஆகவே நடுவில் இருபுறமும் 600 ஓம் கொண்ட தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஒலி மட்டும் காந்தப்புலம் வழியாகத் தாவும், மின்தொடர்பு இருக்காது. ஒலியின் அளவுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்க விதிப்படி சராசரி ஆற்றல் 0.13 மில்லிவாட் அளவைத் தாண்டக் கூடாது. 600 ஓமில் அது கால் வோல்ட் சொச்சம்தான். ஸ்கேனரின் ஒலிபெருக்கித் துளை பல வோல்ட் தரக்கூடியது. குறைக்காமல் விட்டால், நூற்றுக்கணக்கான இணைக் கம்பிகள் ஒட்டி ஓடும் கேபிளில் உங்கள் ஊர்த் தீயணைப்புச் சேனல் அடுத்த வீட்டார் உரையாடலின் பின்னணியில் முணுமுணுக்கும்.

இதைச் செய்பவர்கள் பலரும் விட்டுவிடும் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இடி. முகட்டு வீடு, உயர்ந்த ஆன்டெனா, தொலைவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி, இவை மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. ஆன்டெனா கேபிளுக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் தனித்தனி மின்னெழுச்சித் தடுப்பான்கள் வேண்டும். அவை இரண்டும் வீட்டு மின்சாரத்தின் அதே பூமித்தண்டோடு சேர வேண்டும். வெவ்வேறு தண்டுகளில் நட்டால், அருகில் இடி விழும்போது அத்தண்டுகளுக்கிடையே எழும் மின்னழுத்தம் உங்கள் கருவிக்குள்தான் பாயும். 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது.

இனி, கார்ட்டரின் இயக்குநர் செய்த வேலை. கேட்டுக்கொண்டிருந்தவர் வைத்துவிட்டார் என்பதை நம் கருவி எப்படி அறியும்? அவர் பேசவே இல்லையே. வந்தபோதும் மௌனம், போனபோதும் மௌனம். அமெரிக்காவில் பல எக்ஸ்சேஞ்சுகள், அழைத்தவர் வைத்ததும் கம்பியின் மின்னோட்டத்தை ஒரு கணம் அறுத்துக் காட்டும். நொடியின் ஒரு பகுதிதான். அந்த அறுபடலைப் பார்க்கும் சுற்று இருந்தால் ரிலே விடுபட்டு இணைப்பு அடுத்தவருக்குத் தயாராகும். அது இல்லாத இடத்தில், இத்தனை நிமிடத்துக்குப் பிறகு தானே துண்டித்துக்கொள் என்று ஒரு கடிகாரச் சுற்று வைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டும் இல்லாத இணைப்பு முதல் அழைப்போடு மாட்டிக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் நாள் முழுக்க ‘பிஸி’ ஒலி கொடுக்கும்.

நேர்மாறான ஆபத்தும் பழைய வலையத்தில் இருந்தது. 2,600 ஹெர்ட்ஸ் ஒலி தனியாக வந்தால் தொலைதூர இணைப்பு ‘பேச்சு முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 2,450 முதல் 2,750 வரையுள்ள ஆற்றல் அதற்குக் கீழே உள்ள 800 முதல் 2,450 வரையுள்ள ஆற்றலை மிஞ்சக் கூடாது என்று விதி வைத்தார்கள். மனிதக் குரல் இந்த விதியை இயல்பாகவே காப்பாற்றும். ஸ்கேனர் பிடித்து வரும் தரவு விசில்கள் காப்பாற்றும் என்பதற்கு உறுதியில்லை.

இன்றைய வலையத்தில் அந்தத் தொல்லை போய், வேறொன்று வந்திருக்கிறது. இப்போது அப்படி ஒரு இணைப்பை அமைப்பவர் பெரும்பாலும் தாமிரக் கம்பியைத் தேடுவதில்லை. கையடக்கக் கணினி ஒன்று, யூ.எஸ்.பி. ஒலி அட்டை, மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள், இணையவழித் தொலைபேசி எண் ஒன்று. ஆஸ்டரிஸ்க்கில் ஒரு கூட்ட அறை திறந்து, ஸ்கேனரை அதில் பேசும் ஒரே உறுப்பினராக்கி, அழைப்பவர் அனைவரையும் வாய்மூடிக் கேட்பவர்களாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. தொலைபேசி வலையம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, அளவு ஒன்றுக்கு 8 பிட் எழுதுகிறது. ஒருவருக்கு 64 கிலோபிட். இணையப் பொட்டலங்களின் உறைச்செலவையும் சேர்த்தால் 80 முதல் 90 வரை. இருபது பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் 2 மெகாபிட் தேவைப்படாது. ஸ்கேனரே இல்லாமலும் செய்யலாம். டிவி பார்க்கச் செய்த யூ.எஸ்.பி. குச்சிகளில் இருக்கும் ஒரு சில்லு மூல அலை அளவுகளைக் கணினிக்கு அப்படியே கொடுக்கும் என்று 2012வாக்கில் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். நொடிக்கு 24 லட்சம் அளவுகள் வரை எடுக்கும் அந்தக் குச்சி, அருகருகே இருக்கும் பல சேனல்களைத் தாவாமல் ஒரே நேரத்தில் கேட்கும். ஹாம் வானொலியாளர்கள் இன்னும் மேலே போனார்கள். ஜிம் டிக்சன் ஆஸ்டரிஸ்க்குக்குள்ளேயே வயர்லெஸ் ரிப்பீட்டரை இயக்கும் பகுதியை எழுதினார். அதன்மேல் எழுந்த ஆல்ஸ்டார்லிங்க் வலையம் உலகெங்கும் உள்ள நிலையங்களை இணைக்கிறது.

சிக்கல் எங்கே? அலைக்கற்றையை மிச்சப்படுத்த, கைபேசி வலையங்கள் யாரும் பேசாதபோது ஏறக்குறைய எதையும் அனுப்புவதில்லை. ‘இது பேச்சா, இரைச்சலா’ என்று ஒரு நிரல் ஓயாமல் தீர்ப்பளித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனரோ பெரும்பாலான நேரம் சும்மா இருப்பது. இரவு நேரத்தில் சிற்றூர்ச் சேனலில் ஒரு மணிநேரம்கூட எதுவும் வராமல் போகலாம். இணைப்பு செத்துவிட்டது என்று கேட்பவர் நினைப்பார். சில சேவை நிறுவனங்களின் சாதனங்களும் அப்படியே நினைத்து, பொட்டலம் வராத அழைப்பைத் துண்டித்துவிடும். ஸ்குவெல்ச் அரும்பாடுபட்டு உண்டாக்கிய மௌனத்தில் நாமே மீண்டும் மிக மெல்லிய இரைச்சலைக் கலக்க வேண்டியிருக்கிறது. அல்லது நிமிடத்துக்கொரு சின்ன ‘டிக்’. என் விருப்பம் இரைச்சல்தான். காது சில நொடிகளில் அதை மறந்துவிடும், டிக்கை மறக்காது.

டிஜிட்டல் வயர்லெஸ் சேனல்களில் இன்னொரு இழப்பு நேர்கிறது. வட அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகள் பயன்படுத்தும் பி25 முறையின் முதல் கட்டத்தில் குரல் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. குரலின் சுருதி என்ன, எந்தெந்தப் பட்டைகளில் நாதம், எவற்றில் வெறும் மூச்சு என்ற விவரங்கள் மட்டும் துண்டுக்கு 88 பிட்டில் எழுதப்படும், நொடிக்கு 4.4 கிலோபிட். மறுமுனையில் இருப்பது அந்த விவரங்களிலிருந்து புதிதாகச் செய்த குரல். அதையே கைபேசி மறுபடி தன் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, தன் மாதிரிக்கு ஏற்ப எழுதுகிறது. இரு முறைகளும் மனிதக் குரலுக்கென்று செய்யப்பட்டவை. பின்னணியில் சங்கிலி ரம்பமோ பம்போ ஓடினால் முதல் முறையே தடுமாறும். இரண்டாவது அந்தத் தடுமாற்றத்தையும் குரலென்று நம்பி எழுதும். தெருப் பெயர்களும் எண்களும்தான் முதலில் மங்கும். முகட்டிலிருந்து இணைப்புக்குப் போகும் வழியில் குறைந்தபட்சம் ஒரு கட்டத்தையாவது சுருக்காத 64 கிலோபிட்டில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இணையவழி ஒலிபரப்பு இருக்கும்போது தொலைபேசி எதற்கு என்று கேட்கலாம். தொலைபேசியில் குரல் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் வந்து சேர்கிறது. இணைய ஒலிபரப்பு தடங்காமல் இருக்க முன்கூட்டியே சேமித்துக்கொள்வதால் பத்து, இருபது நொடி பின்தங்குவது சாதாரணம். தீயணைப்பு நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவருக்கு அந்த நொடிகள் பெரியவை. தாமிரக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சின் மின்கலங்களே மின்சாரம் கொடுக்கும் என்பதால், புயலில் ஊரே இருண்டாலும் பழைய தொலைபேசியில் கேட்கலாம். முகட்டில் ஸ்கேனருக்கு ஒரு மின்கலம் இருந்தால் போதும்.

எதைக் கேட்கலாம், எதைப் பிறருக்குக் கேட்கச் செய்யலாம் என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்களுக்கு எளிதில் எட்டக்கூடிய, மறையாக்கம் செய்யாத காவல், தீயணைப்புச் சேனல்களைக் கேட்க அனுமதிக்கிறது. கைபேசிப் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர்களைச் செய்வதும் இறக்குமதி செய்வதும் 1994 முதல் தடை. கேட்டதைப் பிறருக்கு வெளிப்படுத்துவதை 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 705வது பிரிவு தனியாகக் கட்டுப்படுத்துவதால், சம்பந்தப்பட்ட துறையின் ஒப்புதல் கையில் இருப்பது நல்லது. ஆம்புலன்ஸ் சேனலைப் பொது எண்ணில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து: அதில் ஒருவரது வயதும் முகவரியும் நோயும் ஒரே மூச்சில் சொல்லப்படும். இந்தியாவில் பேச்சுக்கே இடமில்லை. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. அமெரிக்காவிலும் வெளி சுருங்கி வருகிறது. டென்வர் காவல்துறை 2019இல் தன் சேனல்களை மறையாக்கம் செய்துவிட்டது. வேறு பல நகரங்களும் அதே வழியில் போகின்றன.

முதன்முதலாக இப்படியொரு இணைப்பை அமைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது போலீஸ் சேனலை அல்ல, அமெரிக்க வானிலைத் துறையின் வானொலியை. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அதிர்வெண்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களிலிருந்து இரவும் பகலும் ஒலிக்கும் அது, யாருடைய அந்தரங்கத்தையும் தொடுவதில்லை. அது ஓயாமல் பேசுவதால் மேலே சொன்ன மௌனத் தொல்லைகளில் பாதி எழாது. மீதிப் பாதியை, அதாவது மணியை எடுப்பதையும் வைத்ததை அறிவதையும், நிதானமாகச் சோதித்துப் பார்க்கலாம். புயல் எச்சரிக்கை வரும்போது முதலில் சில கரகரப்பான தரவு வெடிப்புகளும் பிறகு 1,050 ஹெர்ட்ஸ் நெடுந்தொனியும் வரும். தரவு எழுதப்படுவது 1,562.5, 2,083.3 என்ற இரு ஒலிகளில். மூன்றுமே தொலைபேசியின் 300–3,400 சாளரத்துக்குள் அடங்குகின்றன. சுருக்கப்படாத இணைப்பாக இருந்தால், பள்ளத்தாக்கில் தொலைபேசியின் மறுமுனையில் ஒரு கணினியை வைத்து, எச்சரிக்கை எந்த மாவட்டத்துக்கு, எத்தனை மணி வரை என்பதைத் திரையிலேயே படித்துவிடலாம்.